நன்றிக்கடனும் சேமலாபமும்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 45 வயது. யாழ்ப்பாணத்தில் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் உதவிக் குழுவை நடத்துகிறேன். தவக்காலத்தில் கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு உலர் உணவுப் பொதி கொடுப்போம். அதற்குப் பெரும்பகுதிக் காசு தருபவர் என் அக்காவின் கணவர். டவுனில் புடவைக்கடை வைத்திருக்கிறார்.

இம்முறை பட்டியலில் அத்தானின் கடையில் ஒன்பது வருடம் நின்ற ஒரு பெண்ணின் பெயர் வந்தது. வேலை இருக்கும்போது பொதி ஏன் என்று வீட்டுக்குப் போய்க் கேட்டேன். முழங்கால் ஏலாமல் போனதும் நிற்பாட்டிவிட்டார்களாம். கடைசி மாதச் சம்பளம் மட்டும்தான் கையில். வேலையை விட்ட பிறகு கைகொடுக்கவென்று முதலாளி கட்டவேண்டிய சேமலாப நிதி கட்டவே இல்லை. “முதலாளியிட்டச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா, மகளுக்கும் அங்கைதான் வேலை கேட்டிருக்கிறன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. அக்கா வீட்டுக்குப் போவதும் குறைந்துவிட்டது. கோயிலில் அத்தானைக் கண்டால் கோபம் வருகிறது, பிறகு அந்தக் கோபத்துக்காக அழுகிறேன். ஏனென்றால் 1995 போர்க்கால இடப்பெயர்வில் தகப்பன் இல்லாத எங்களைச் சாவகச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போட்டவர் அவர்தான். அவரோடு இதைக் கதைத்தால் நான் நன்றி கெட்டவளா? கதைக்காமல் இருந்தால் என் செபத்துக்கு என்ன பொருள்?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புச் சகோதரி,

உங்கள் கோபத்தைப் பாவம் என்று எண்ணி அழுகிறீர்கள். ஒரு பெண்ணின் உழைப்புக்கு நடந்த அநியாயத்தைக் கண்ணால் கண்டும் வாய் திறக்க முடியாமல் நிற்பவருக்கு வரும் கோபம் அது. மனச்சாட்சி உயிரோடு இருப்பவருக்குத்தான் அது வரும். அதை அடக்கி அடக்கி வைப்பதால்தான் நித்திரை போகிறது. இன்னும் சில கிழமைகள் இப்படியே போனால் யாழ். போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த ஒக்டோபர் 30 இரவில் யாழ்ப்பாண நகரோடு வலிகாமப் பகுதியே பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, யார் யாரைத் தாங்கினார்கள் என்று எங்கள் தலைமுறை மறக்காது. உங்கள் அத்தான் அன்று செய்தது பெரிய காரியம். இன்று நீங்கள் எதைக் கேட்டாலும் அது அழியாது. ஆனால் அந்த நன்றிக்கடன் உங்களுடையது. அதை அந்தப் பெண்ணின் காசில் அடைக்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதத்தைப் பிடித்து, முதலாளி தன் பங்காக 12 வீதம் சேர்த்துக் கட்டவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம். 30,000 ரூபா சம்பளம் என்றால் முதலாளியின் பங்கு மட்டும் மாதம் 4,500 ரூபா, வருடத்துக்கு 54,000 ரூபா. ஒன்பது வருடத்துக்கு எவ்வளவு வரும்? அது இருந்திருந்தால் உங்கள் பட்டியலில் அவருடைய பெயரே வந்திராது. அவருக்குச் சேரவேண்டிய காசின் ஒரு சிறு துண்டுதான் இப்போது பொதியாகத் திரும்பிப் போகிறது, அதுவும் தர்மம் என்ற பெயரில். உங்களை உறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். அந்த உறுத்தல் சரியானது.

எங்கள் வேதமும் இதில் மழுப்பவில்லை. பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடும் என்கிறது யாக்கோபின் திருமுகம். ஒருவருக்கொருவர் துணைநிற்பது என்பது அருகிலும் தூரத்திலும் இருப்பவர்களின் துன்பத்தைப் பார்த்து வரும் மேலோட்டமான இரக்கம் அல்ல, எல்லாருடைய நன்மைக்காகவும் உறுதியோடு உழைப்பது என்று 1987இல் எழுதினார் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல். பொதி கொடுப்பது நல்லது. அதற்காகக் கூலிக் கடன் கழியாது.

ஆனாலும் உடனே அத்தானிடம் ஓடவேண்டாம். அந்தப் பெண் உங்களிடம் ஒரு வாக்குக் கேட்டிருக்கிறார். அவருக்கு நீதி வாங்கித் தருகிறேன் என்று அவருடைய விருப்பத்தைக் கேளாமல் இறங்கினால், முதலில் அவருடைய மகளின் வேலைதான் பறிபோகும். நானாக இருந்தால் முதலில் திரும்பப் போய், பொதியைப் பற்றிக் கதைக்காமல், “உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்பேன். தொழில் திணைக்களத்தில் முறையிடலாம் என்பது அவருக்குத் தெரியாமல்கூட இருக்கலாம். சம்பளச் சீட்டு, வரவுப் பதிவு, சேர்ந்து வேலை செய்தவர்களின் சாட்சி என எது கிடைத்தாலும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். போக விரும்பினால் கூடப் போங்கள். கந்தோர் வாசலில் தனியே நிற்கும்போது வரும் பயம் பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் பாதியாகிவிடும்.

அவர் சம்மதித்தால் அத்தானிடம் கதையுங்கள். கோயில் வாசலிலோ மற்றவர்கள் முன்னிலையிலோ வேண்டாம். அக்காவையும் வைத்துக்கொண்டு, வீட்டில். குற்றப்பத்திரிகை வாசிக்கத் தேவையில்லை. “அத்தான், தொண்ணூற்றைந்தில் நீங்கள் எங்களைப் பார்த்த மாதிரி உங்கட கடைப் பிள்ளைகளையும் பார்க்கவேணும் எண்டு ஆசைப்படுறன். சேமலாபக் கணக்கைச் சரிசெய்து விடுங்கோ” என்று சொல்லலாம். கடையில் இப்போது நிற்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேளுங்கள். அப்போது ஒருவர்மேல் மட்டும் கோபம் திரும்பாது. அவர் முகம் கறுக்கலாம், கொஞ்ச நாள் கதைக்காமலும் விடலாம். அடுத்த தவக்காலத்தில் காசு தராமலும் போகலாம். அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ள உங்கள் குழு ஆயத்தமாக இருக்கவேண்டும். பங்குத் தந்தையிடம் யாருடைய பெயரும் சொல்லாமல் இதை முன்கூட்டியே பேசிவையுங்கள்.

அந்தப் பெண் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். மகளுக்கு வேறு இடத்தில் வேலை தேட உதவுங்கள். மகள் அந்தக் கடையை நம்பி இருக்கும்வரை தாயால் வாய் திறக்க முடியாது.

பொதியை மட்டும் இந்தக் கிழமையே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். யார் தந்த காசு என்று சொல்லவேண்டாம்.