மஞ்சள், பட்டிப்பூ, புற்றுநோய்க் கலம்: கேள்வி பதில்

கொழும்பில் உயிரிரசாயனம் படிப்பிக்கிறேன், டொக்டர் இல்லை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

வெள்ளவத்தையிலிருந்து: அக்கா, மஞ்சள் புற்றுநோய்க் கலத்தைத் தற்கொலை செய்ய வைக்கும் என்று வட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?

பாதி உண்மை. தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு நம் கலங்களுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு அப்பொப்டோசிஸ் என்று 1972-இல் கெர், வைலி, கரி என்ற மூன்று ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள். டிஎன்ஏ திருத்த முடியாதபடி பழுதானால் பி53 என்ற புரதம் இதைத் தொடக்கிவிடும். கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியிலிருந்து சைற்றோகுரோம் சி என்ற புரதம் கசியும், கஸ்பேஸ் நொதியங்கள் விழித்துக்கொண்டு கலத்தை உள்ளிருந்தே வெட்டும். மிச்சத்தை அயல் கலங்கள் விழுங்கிவிடும்.

புற்றுநோய்க் கலங்கள் பல இந்த வழியை அடைத்து வைத்திருக்கும். பலவற்றில் பி53 பழுது. சிலவற்றில் சாவைத் தடுக்கும் பிசிஎல்-2 புரதம் மிதமிஞ்சி இருக்கும். மஞ்சளிலுள்ள குர்குமின் ஆய்வுகூடத் தட்டில் அந்த அடைப்பைத் திறக்கிறது என்பது சரிதான். ஆனால் தட்டில் அதை நேரே கலத்தின் மேல் ஊற்றுகிறோம். வாயால் சாப்பிட்டால் குடல் கொஞ்சத்தைத்தான் உறிஞ்சும், அதையும் ஈரல் உடனே மாற்றிவிடும். தட்டில் சாவது பெரிய விஷயமில்லை, கறியுப்பை அள்ளிக் கொட்டினாலும் கலம் சாகும். பக்கத்திலிருக்கும் நல்ல கலம் பிழைக்கிறதா என்று கேளுங்கள்.

தெஹிவளையிலிருந்து: மிளகு சேர்த்தால் உடம்பில் ஏறுமாமே?

ஏறும். 1998-இல் வந்த ஓர் ஆய்வில், மிளகின் பைப்பரினைச் சேர்த்தபோது மனிதரில் குர்குமின் உடம்பில் ஏறுவது 20 மடங்கு கூடியது. ஆனால் அதற்கு முன் இருந்ததே கிட்டத்தட்டப் பூச்சியம்! பைப்பரின் ஈரலின் நொதியங்களை மந்தமாக்குவதால் வேறு மருந்துகளின் அளவும் மாறலாம். பைப்பரின் சேர்த்த குளிசைகளைத்தான் சொல்கிறேன், கறிக்குப் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: அப்போ செடியிலிருந்து மருந்தே வராதா?

ஏன் வராது? முற்றத்துப் பட்டிப்பூவிலிருந்துதான் வின்கிறிஸ்டின் வந்தது. இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு உலகெங்கும் ஏற்றுகிறார்கள். கலம் பிரியும்போது டிஎன்ஏயைத் தாங்கும் நிறமூர்த்தங்களை இழுக்கும் நுண்குழாய்கள் உருவாகாமல் இது தடுக்கும். பாதியில் சிக்கிய கலம் அப்பொப்டோசிஸுக்குப் போகும். பசிபிக் யூ மரப்பட்டையில் கிடைத்த டக்சோல் எதிர்மாறு, அந்தக் குழாய்களைக் கலையவே விடாது. அதற்காகப் பட்டிப்பூவை அவித்துக் குடிக்காதீர்கள். இலையில் வின்கிறிஸ்டின் மிக மிகச் சொற்பம், எவ்வளவு போகிறதென்று அளக்கவும் முடியாது. அளவு தப்பினால் நரம்பைக் கெடுக்கும் பொருள் அது.

மருதானையிலிருந்து: கட்டு அனோதா (முள்சீத்தா) இலை?

வேண்டாம். அதிலுள்ள அனோனசின் இழைமணியின் சக்தி உற்பத்தியை நிறுத்தும். நரம்புக் கலத்திலும் அதையேதான் செய்யும். கரிபியனிலுள்ள குவாதலூப் தீவில் இந்தப் பழமும் இலைத் தேநீரும் பார்கின்சன் போன்ற ஒரு நோயோடு தொடர்புபடுத்தப்பட்டிருக்கின்றன.

பம்பலப்பிட்டியிலிருந்து: அம்மாவுக்கு கீமோ நடக்கிறது. கிரீன் டீ குளிசை கொடுக்கலாமா?

எந்த மருந்து ஏற்றுகிறார்கள் என்று தெரியாமல் கொடுக்காதீர்கள், தங்கச்சி. மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் போர்டெசோமிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய்க் கலத்தை அப்பொப்டோசிஸுக்குத் தள்ளும் மருந்து அது. கிரீன் டீயிலுள்ள ஈஜிசிஜி அதோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்ய விடாது என்று 2009-இல் எலிகளில் காட்டினார்கள். குளிசைப் போத்தலை அப்படியே கிளினிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயரை மட்டும் சொன்னால் அதில் எவ்வளவு இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது.