உடல் சூட்டுக்கு ஆயுர்வேதத்தில் என்ன குடிக்கலாம்? ஐஸ் தண்ணீர் குடித்தும் எரிச்சல் ஏன் போவதில்லை?

கண் எரிச்சல், உள்ளங்கால் தகிப்பு, எப்போதும் தாகம், ஃபிரிட்ஜ் தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் அரை மணி நேரத்தில் பழையபடி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் ஒரு கோடை முழுக்க, ராத்திரி தூக்கம் வராமல் பாதத்தைச் சுவரில் ஒட்டவைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அதனால் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

நானும் முதலில் ஐஸ் தண்ணீரைத்தான் நம்பினேன். வைத்தியரிடம் போனபோது அவர் என்ன குடிக்கிறேன் என்று கேட்பதற்கு முன், எப்போது சாப்பிடுகிறேன் என்று கேட்டார். பத்தரை மணிக்கு, தயிர் சாதம் என்றேன். "குளிர்ச்சின்னு நெனச்சு ராத்திரி தயிரா சாப்பிடுறீங்க? அதை நிறுத்திட்டு வாங்க, மிச்சத்தைப் பிறகு பேசலாம்" என்றார்.

ஆயுர்வேதத்தில் குளிர்ச்சி என்பது கைக்குத் தெரியும் ஜில்லிப்பு அல்ல. ஒரு பொருள் உள்ளே போய்ச் செய்யும் வேலையை வீரியம் என்கிறார்கள். அந்தக் கணக்கில், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தயிரும் உஷ்ணம்தான். இரவில் தயிர் கூடாது, கோடையிலும் கூடாது என்று அஷ்டாங்க ஹ்ருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூல் நேராகவே சொல்கிறது. நாம் சூடு என்று சொல்வதை அவர்கள் பெரும்பாலும் பித்தம் ஏறியதாகப் பார்க்கிறார்கள். புளிப்பு, உப்பு, காரம் மூன்றும் அதை ஏற்றும்; இனிப்பு, கசப்பு, துவர்ப்பு இறக்கும். ஐஸ் தண்ணீர் தொண்டையைக் குளிர வைத்துவிட்டு, செரிமான நெருப்பை மந்தமாக்கிவிடும் என்பது அவர்கள் வாதம். என் வயிறு அந்தக் கோடை முழுக்க உப்பிக் கிடந்ததற்குக் காரணம் அதுதான் என்று நம்புகிறேன்.

சரி, எதைக் குடிப்பது? எனக்கு உதவியது மல்லித் தண்ணீர். சார்ங்கதர சம்ஹிதை என்ற இன்னொரு ஆயுர்வேத நூல் ஹிமம் என்று ஒரு முறையைச் சொல்கிறது: மருந்துப் பொருளை ஒன்றிரண்டாக இடித்து, ஒரு பங்குக்கு ஆறு பங்கு குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் வடிகட்டிக் குடிப்பது. அடுப்பே கிடையாது. கொத்தமல்லி விதையில் இப்படிச் செய்து சர்க்கரை சேர்த்துக் குடித்தால் உள்ளெரிச்சலும் தாகமும் தணியும் என்று அதே நூலில் இருக்கிறது. நான் இரண்டு ஸ்பூன் விதையைப் பொடியாகாமல், பிளந்தால் போதும் என்ற அளவுக்கு இடித்து, மண் குவளையில் போட்டு மூடிவைப்பேன். காலையில் தண்ணீர் வைக்கோல் நிறத்தில் இருக்கும். குழம்பு மல்லியின் வாசனை இருக்காது, நனைந்த புல் வாசனைதான் வரும். கற்கண்டு கொஞ்சம் போட்டு வெறும் வயிற்றில் குடிப்பேன். நாலைந்து நாளில் சிறுநீர்க் கடுப்பு விட்டது. பாத எரிச்சல் அடங்க இரண்டு வாரம் ஆனது. தயிரை நிறுத்தியதற்கும் ஒன்பது மணிக்குள் சாப்பிட்டதற்கும் அதில் பங்கு உண்டு, எல்லாம் மல்லியால்தான் என்று சொல்ல மாட்டேன்.

பழைய ஆயுர்வேத ஆசிரியரான சரகர் எரிச்சல் தணிக்கும் பத்துப் பொருள்களை ஒரு தொகுதியாகவே வைத்திருக்கிறார். அதில் நெற்பொரி, சந்தனம், வெட்டிவேர், நன்னாரி, அதிமதுரம், சீந்தில், சர்க்கரை எல்லாம் உண்டு. வெட்டிவேரைக் கழுவிக் குடிதண்ணீர்ப் பானையில் போட்டுவைப்பதுதான் இதில் ஆகச் சுலபம். நன்னாரி வேரையும் ஊறவைக்கலாம். கடையில் வாங்கும் சர்பத்தில் வேரைவிடச் சர்க்கரைதான் கூடுதலாக இருக்கும், அதை மருந்துக் கணக்கில் சேர்க்காதீர்கள். கோடைக்கென்று சரகர் சொல்லும் இன்னொன்று, வறுத்த தானிய மாவைச் சர்க்கரையோடு குளிர்ந்த நீரில் கரைத்துக் குடிப்பது. மத்தியானப் பசிக்கு இது நன்றாகத் தாங்கும்.

மோர் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் நீட்டுவது அதைத்தான். உஷ்ண காலத்திலும், எரிச்சல், தலைசுற்றல், மயக்கம், ரத்தபித்தம் (மூக்கு, வாய் வழியாகவெல்லாம் ரத்தம் கசியும் நோய்) உள்ளவர்களுக்கும் மோர் கொடுக்கக் கூடாது என்கிறது சுசுருத சம்ஹிதை என்ற பழைய மருத்துவ நூல். படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. பித்தத்துக்கு மோர் தருவதானால் புளிக்காத இனிப்பு மோரில் சர்க்கரை சேர்த்துத் தர வேண்டும் என்றும் அதே நூல் சொல்கிறது. அதனால் எரிச்சல் இருக்கும்போது இஞ்சி, பச்சைமிளகாய் தட்டிப் போட்ட புளித்த மோரைத் தள்ளிவையுங்கள்.

சர்க்கரை நோய் இருந்தால் கற்கண்டு வேண்டாம், மல்லித் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுக்கக் கூடாது, அது அழுத்தத்தை ஏற்றும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இளநீரையும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்காதீர்கள், பொட்டாசியம் அதிகம். சிறுநீர் எரிச்சலோடு காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் அது தொற்றாக இருக்கலாம், பரிசோதனை செய்துவிடுங்கள். வெயிலில் நின்றவர் உடல் அனலாகி, பேச்சு குழறினால் எந்தப் பானமும் வாயில் ஊற்ற வேண்டாம். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

நீங்கள் இன்று இரவே மல்லியை ஊறவைக்கலாம். அப்புறம், ராத்திரிச் சாப்பாட்டு நேரம் என்னவென்று எழுதுங்கள், அதையும் பார்க்கலாம்.