நாய்க்குத் தெள்ளு: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: எங்கள் ராஜபாளையம் நாய்க்கு மாதாமாதம் பிப்ரோனில் சொட்டு மருந்து விடுகிறோம். நாலு நாள் நிம்மதி, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. மருந்து போலியா அக்கா?

பதில்: போலியாகவும் இருக்கலாம் தம்பி. ஆனால் முதலில் நாய் படுக்கும் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். ஒரு பெட்டைத் தெள்ளு நாளைக்கு 40, 50 முட்டை வரை இடும். அவை மயிரில் ஒட்டாது. நாய் உதறினால் உப்புத்தூள் மாதிரிக் கொட்டும். சாக்கு மடிப்பு, சோபா இடுக்கு, கட்டிலடி என இருட்டில் புழுவாகி, கூடு கட்டி, மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். வெளியூர் போய்வந்து பூட்டிய வீட்டைத் திறந்ததும் காலெல்லாம் கடிக்கிறதே, நம் காலடி அதிர்வில் கூட்டைவிட்டு வந்தவைதான் அவை. நீங்கள் நாயில் கொல்வது கொஞ்சம், மிச்சமெல்லாம் தரையில்.

படுக்கையை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். இடுக்குகளைத் தினமும் பெருக்கிக் குப்பையை உடனே வெளியேற்றுங்கள். வீட்டில் எத்தனை நாய் இருந்தாலும் அத்தனைக்கும் ஒரே நாளில் மருந்து. மூன்று மாதம் விடாமல் செய்யணும். இன்னொன்று: மயிரை விலக்கித் தோலில் விடணும், முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. மருந்து விட்ட மறுநாளே ஷாம்பு போடுகிறவர்கள்தான் அதிகம்!

கேள்வி: உண்ணியா தெள்ளா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உண்ணி கடித்த இடத்திலேயே கிடக்கும். தெள்ளு மயிருக்குள் ஓடும், துள்ளும். வால் அடியில் சீவி, உதிரும் கரும்புள்ளிகளை ஈரப் பஞ்சில் வையுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் கழிவு, நாயின் ரத்தம்தான்.

கேள்வி: வேப்பெண்ணெய், பூண்டு, கற்பூரம்? இயற்கை வைத்தியமே போதாதா?

பதில்: வேப்பிலை கொதித்து ஆறிய நீரில் குளிப்பாட்டலாம், தவறில்லை. ஆனால் அதை மட்டும் நம்பினால் தெள்ளு ஒழியாது. வேப்பெண்ணெயை அப்படியே பூசினால் நக்கிவிட்டு வாந்தி எடுக்கும். பூண்டு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கற்பூரம் நாய்க்கு விஷம். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். என்னைக் கேட்டால் நல்ல இயற்கை மருந்து பேன் சீப்புதான். பக்கத்தில் சோப்பு நீர்க் கிண்ணம். கழுத்து, இடுப்பு, வாலடி என்று சீவி, சீப்பை உடனே முக்குங்கள். விரலால் நசுக்கப் பார்த்தால் வழுக்கிக்கொண்டு துள்ளிவிடும். சோப்பு நீரில் மூழ்கும்.

கேள்வி: குட்டிகளுக்கு ஐந்து வாரம். மாத்திரை தரலாமா?

பதில்: வேண்டாம்மா. அபாக்சோலனர் என்ற தெள்ளு மாத்திரைக்கே எட்டு வார வயதும் இரண்டு கிலோ எடையும் வேண்டும். வெதுவெதுப்பான நீரில், கழுத்தைச் சுற்றி முதலில் நுரை கட்டிக் குளிப்பாட்டுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் காதுக்கு ஓடும். துவட்டிவிட்டுச் சீவுங்கள். ஈறு வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்துவிட்டது, அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிப் போங்கள். பால் கொடுக்கும் தாய்க்கு எது சரி என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: எங்கள் நாய்க்கு முன்பு வலிப்பு வந்தது. மூன்று மாத மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: புளூரலனர் என்ற அந்த மாத்திரை 12 வாரம் நிற்கும், நல்ல மருந்துதான். ஆனால் இந்த வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு வலிப்பு வரக்கூடும். டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பூனையும் இருக்கிறது. நாய் மருந்தில் மிச்சத்தை அதற்கு விடலாமா?

பதில்: கூடவே கூடாது. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்ததாக இருந்தால் பூனை செத்தே போகும்.