கச்சத்தீவு: 1974-ஆ, 1976-ஆ?

தம்பி, திருமங்கலத்தில் இருந்து குரூப் தேர்வுக்குப் படிக்கிறேன், கச்சத்தீவு இலங்கைக்குக் கைமாறிய ஆண்டு ஒரு புத்தகத்தில் 1974, பயிற்சி மையக் குறிப்பில் 1976, எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். தீவு கைமாறியது 1974-இல்தான், தயங்காமல் எழுதுங்கள். அந்த ஜூன் மாதம் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டார்கள். பாக் நீரிணையில் வரைந்த எல்லைக்கோடு தீவுக்கு மேற்கே போனதால், 285 ஏக்கர் நிலம் இலங்கைப் பக்கம் போய்விட்டது.

குழப்பம் வருவது 1976-இல் வந்த அடுத்த ஒப்பந்தத்தால். 1974 ஒப்பந்தத்தின் 5-வது பிரிவு, நம் மீனவர்களும் பக்தர்களும் முன்புபோல விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. 6-வது பிரிவு, இரு நாட்டுப் படகுகளுக்கும் மற்றவர் கடலில் வழக்கமாக இருந்த உரிமைகள் தொடரும் என்கிறது. அதில் மீன்பிடிப்பு என்ற சொல்லே இல்லை! 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடா எல்லையை முடிவு செய்தபோது, இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் மாற்றிக்கொண்ட கடிதங்களில்தான், ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்று வந்தது. ராமேஸ்வரத்து மீனவர் வயிற்றில் அடித்தது இந்தக் கடிதங்கள்தான் என்பது என் எண்ணம். ஆனால் மேடைகளில் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

அப்புறம் ஒன்று. தீவு ராமநாதபுரம் ஜமீனில் இருந்தது. ராமநாதபுரம் தனி மாவட்டம் ஆனது 1910-இல். அதற்கு முந்தைய ஆவணங்களை மதுரை மாவட்டத்தின் கீழ் தேடுங்கள்.