ஸ்கைலர் மேல் என்ன கோபம்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

‘பிரேக்கிங் பேட்’ என்ற அமெரிக்கத் தொடரைப் பல வருடம் கழித்து மறுபடி பார்த்து முடித்தேன். முதல்முறை, போதைமருந்து காய்ச்சுகிற வேதியியல் வாத்தியார் வால்ட்டர் வைட்தான் எனக்கு நாயகன், அவன் மனைவி ஸ்கைலர் வந்தாலே எரிச்சல். இப்போது தலைகீழ். அவளைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது, அவனைச் சகிக்க முடியவில்லை. (ஈ வருகிற எபிசோடை மட்டும் தள்ளிவிட்டேன், அதில் கதையே நகரவில்லை.) இன்று எனக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். வயது தந்த பக்குவம்தான் காரணமோ? அப்படியென்றால் முதலில் ரசித்தது தப்பான ரசனையா? அடுத்து ‘சோப்ரானோஸ்’, ‘தி வயர்’ இரண்டில் எதை மறுபடி பார்க்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எதை வேண்டுமானாலும் பாருங்கள். ஆனால் பக்குவம் வந்துவிட்டது என்று உங்களுக்கு நீங்களே பொன்னாடை போர்த்திக்கொள்கிறீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. ஸ்கைலரைத் திட்டியவர்கள் எல்லாம் கல்யாணமாகாத பையன்களா என்ன? அந்த வேடத்தில் நடித்த அன்னா கன் 2013-இல் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுத வேண்டியிருந்தது. பாத்திரத்தின் மேல் இருந்த வெறுப்பு கடைசியில் நடிகையின் மேலேயே பாய்ந்துவிட்டது. வயது வந்தால் போகிற வியாதி என்றால் அவ்வளவு தூரம் போயிருக்காது.

முதல் எபிசோடில் ஒரு இடம். வால்ட்டருக்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அவன் வீட்டுக்கு வருகிறான், ஸ்கைலர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். போன மாதம் மாஸ்டர் கார்டை உபயோகித்தாயா, 15.88 டாலர் என்று கேட்கிறாள். பிரிண்டருக்குப் பேப்பர் வாங்கினேன் என்கிறான். அந்தக் கார்டை நாம் தொடுவதில்லையே என்கிறாள். அப்புறம் இன்றைய நாள் எப்படிப் போனது என்று கேட்கிறாள். நன்றாகத்தான் போனது என்கிறான். அவ்வளவுதான். முதல்முறை பார்க்கும்போது நமக்கு ரத்தம் கொதிக்கிறது, சாகப்போகிறவனிடம் போய்ப் பேப்பர் கணக்குக் கேட்கிறாளே என்று. ஆனால் அவளுக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவன் சொல்லவில்லையே. அவள் கர்ப்பிணி, வீட்டில் பணம் இல்லை, எந்தக் கார்டில் எவ்வளவு பாக்கி என்று தலையில் வைத்துக்கொண்டிருப்பவள் அவள் ஒருத்திதான்.

நான் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருப்பது இதுதான். நாம் நல்லவன் பக்கம் சாய்வதில்லை, நம்மிடம் ரகசியத்தைச் சொன்னவன் பக்கம்தான் சாய்கிறோம். வால்ட்டரின் ரகசியம் அவனுக்கும் நமக்கும் தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்த நிமிடமே நாம் அவனுடைய கூட்டாளி. இனி அவள் ‘எங்கே போயிருந்தாய்’ என்று கேட்டால் அது நம்மையும் சேர்த்துக் கேட்பதுபோல் இருக்கிறது, எரிச்சல் வராமல் என்ன செய்யும்? இரண்டாம் முறை பார்க்கும்போது ரகசியம் என்று ஒன்றும் மிச்சமில்லை. கூட்டாளி உறவு அறுந்துவிடுகிறது, அந்த அறையில் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று பார்க்க நமக்குக் கண் கிடைக்கிறது. உங்களுக்கு நடந்தது அதுதான். அதில் உங்கள் பெருமை பாதிதான், போனால் போகிறது, பாதியை வைத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா இந்தத் தொடரை நடுவிலிருந்து பார்த்தாள். நான் மூன்றாம் சீசன் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்கைலர் வெளியே போகச் சொல்லியும் கேட்காமல் வால்ட்டர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வான், அவள் போலீஸைக் கூப்பிடுவாள், கணவனாயிற்றே, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று அவர்கள் கையை விரிப்பார்கள். அவன் செய்கிற தொழிலைச் சொல்லிவிட்டால் முடிந்தது கதை, ஆனால் வளர்ந்த பிள்ளையை நினைத்து அவளால் வாயைத் திறக்க முடியாது. அந்தப் பிள்ளையோ அப்பா பக்கம். அக்கா ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “இந்த ஆள் யாருடா, இவனை எதற்கு எல்லாரும் தாங்குகிறார்கள்?” என்றாள். அவளுக்குக் குழந்தையும் கிடையாது, உங்கள் பக்குவமும் கிடையாது. வால்ட்டர் அவளிடம் எந்த ரகசியமும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஈ எபிசோடைத் தள்ளிவிட்டேன் என்று அடைப்புக்குறிக்குள் எழுதுகிறீர்கள், வெட்கமாக இல்லையா? வால்ட்டரோடு சேர்ந்து போதைமருந்து காய்ச்சுகிற ஜெஸ்ஸியின் காதலி ஜேன் தூக்கத்தில் மூச்சுத் திணறிச் சாவதை வால்ட்டர் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், இரண்டாம் சீசனில். ஜெஸ்ஸிக்கு அது தெரியாது. ஈ எபிசோடில் ஜெஸ்ஸி ஈயை அடிக்க ஏணி மேல் நிற்கிறான், காபியில் கலந்த தூக்க மாத்திரை ஏறிப்போன வால்ட்டர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், ஜேன் விஷயத்தில் வருந்துகிறேன் என்று சொல்லியேவிடுகிறான். இன்னும் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் எல்லாம் போயிற்று. முதல்முறை பார்த்தபோது நீங்கள் என்ன வேண்டிக்கொண்டீர்கள்? சொல்லிவிடாதே என்றுதானே? கதை நகரவில்லையாம்!

தப்பான ரசனையா என்ற கேள்விக்கு, இல்லை. எடுத்தவர்கள் எப்படிச் சாய்த்தார்களோ அப்படிச் சாய்ந்தீர்கள்.

கடைசி எபிசோடில் ஸ்கைலர் தங்கையுடன் போனில் பேசிக்கொண்டிருப்பாள். வால்ட்டர் ஊருக்குள் வந்துவிட்டான், ஜாக்கிரதை என்று தங்கை எச்சரிப்பாள். போனை வைத்த பிறகு கேமரா மெல்ல நகரும், தூணுக்குப் பின்னால் வால்ட்டர் நின்றுகொண்டிருப்பான். அவன் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியாது. அத்தனை சீசன் நம்மை அவன் பக்கம் வைத்திருந்துவிட்டு, இங்கே நம்மை வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் எனக்காகத்தான் செய்தேன் என்று அவன் ஒப்புக்கொள்வது அதற்கு அப்புறம்தான். இரண்டு தடவை பார்த்திருக்கிறீர்கள், கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லையே?