வங்கி வாசலில் எதற்குப் பாம்பு?

அன்புள்ள ஐயா,

மகன் வட இங்கிலாந்தில் படிக்கிறான். அவன் தினமும் போகும் தெருவில் பல வருடங்களாக மூடிக்கிடக்கும் பழைய வங்கி ஒன்றின் படங்களை அனுப்பியிருந்தான். வாசலுக்கு மேலே ஒரு தாடிக்காரர் முகம், பழங்கள் கொட்டும் கொம்பு, தடியைச் சுற்றி இரண்டு பாம்புகள். எல்லாம் வெள்ளைச் சுண்ணக்கல்லில் செதுக்கியவை. வங்கிக்கு எதற்குப் பாம்பு? அந்த முகத்தில் தாடைக்குக் கீழே மட்டும் தார் பூசியதுபோல் ஏன் கறுப்பு? இன்னொன்று, நடைபாதையில் உடைந்து விழுந்த கல் இலை ஒன்றை எடுத்து வைத்திருக்கிறானாம். வரும்போது வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று கேட்கிறான்.

வாசகி, உப்புவெளி

அன்புள்ள சகோதரி,

அரசமரத்தடி நாகர் கல்லைக் கும்பிட்டு வளர்ந்த நமக்கு, பின்னிய பாம்பு இரண்டைக் கண்டால் கை தானாகக் கூப்பும். இது வேறு. ரோமரின் மெர்க்குரி என்ற தேவனின் கைத்தடி. வணிகர்களுக்குக் காவல் அவர்தான், திருடர்களுக்கும் அவர்தான். வங்கி கட்டியவர்கள் இரண்டாவதை மறந்துவிட்டார்கள் போல. (ஒற்றைப் பாம்பு சுற்றிய தடி வைத்தியத்துக்கு உரியது. இரண்டையும் குழப்பாதவர் குறைவு.) பழக்கொம்பு நம் அட்சய பாத்திரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. தாடிக்காரர் அநேகமாக வளைவின் உச்சியில், ஆப்பு வடிவக் கல்லில் இருப்பார், திருவாசி உச்சியில் கீர்த்திமுகம் இருப்பதுபோல. தாடி தண்ணீராக வழிந்தால் அவர் ஒரு நதித் தேவன்.

இவ்வளவு ஆடம்பரம் ஏன் என்றால், பயம்தான். வைப்புப் பணத்துக்குக் காப்புறுதி என்ற பேச்சே இல்லாத காலம் அது. வங்கி விழுந்தால் போட்ட பணம் போனதுதான். இலங்கைக்கே அந்த அடி விழுந்தது. 1869இல் வந்த இலைநோயில் கோப்பித் தோட்டங்கள் அழிய, 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி கதவைச் சாத்தியது. ஊரில் புழங்கிய நோட்டுகளில் பல அந்த வங்கி வெளியிட்டவை! ஆளுநர் ஆர்தர் கோர்டன் அவற்றுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்துத்தான் சனத்தை அமைதிப்படுத்தினார். அதன் பிறகே அரசாங்கம் தானே நோட்டு வெளியிடத் தொடங்கியது. அப்படிப்பட்ட காலத்தில், 'நாங்கள் எங்கும் ஓடிவிட மாட்டோம்' என்பதை வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? கல்லில் சொன்னார்கள்.

கறுப்புக்கு வருவோம். நிலக்கரிப் புகையில் உள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, சுண்ணக்கல்லின் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்றிவிடும். கரி அதில் ஒட்டிக்கொள்ளும். மழை படும் இடத்தில் அந்தப் படலம் கரைந்து போகும். கூடவே கல்லும் கொஞ்சம் போகும். அதனால் நெற்றியும் மூக்கும் வெள்ளையாகவும் மொண்ணையாகவும் இருக்கும். தாடைக்கு அடியில் மழை எட்டாது, அழுக்கு அப்படியே தடித்துவிடும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யலாமே என்று நினைப்பீர்கள். அவசரப்பட்டால் படலத்தோடு தாடியும் உரிந்து கையில் வரும்.

இலை ஏன் விழுந்தது? கற்களைப் பிணைக்க உள்ளே வைத்த இரும்புப் பட்டை துருப்பிடித்துப் பல மடங்கு பருத்துக் கல்லைப் பிளந்திருக்கலாம். இல்லாவிட்டால் யாரோ வெடிப்பில் சீமெந்து அப்பியிருப்பார்கள். எங்கள் பழைய வீட்டு முன்தூணில் சுண்ணாம்புச் சாந்தில் செய்த பூவேலை இருந்தது. ஒரு மேசன் பேச்சைக் கேட்டு நான்தான் அதன்மேல் சீமெந்து பூசவைத்தேன். ஈரமும் கடலுப்பும் வெளியேற வழியில்லாமல், மூன்றே மாரியில் பூவோடு பாளமாகக் கழன்று விழுந்தது. அம்மா சாகும்வரை சொல்லிக்காட்டினார்.

சரி, கொண்டுவரலாமா? வேண்டாம். கைவிட்ட கட்டடம் என்றாலும் அதற்குச் சொந்தக்காரர் இருப்பார். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நாளை யாராவது அதைத் திருத்த வந்தால், கல்தச்சர் அளவெடுக்கத் தேடுவது இந்தத் துண்டைத்தான். நம் திருகோணமலைக் கோட்டை வாசலில் இரட்டை மீன் செதுக்கிய கல்லைக் கண்டிருப்பீர்கள். மான் பார்க்கப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்து, அந்தக் கற்களை அள்ளிக் கோட்டை கட்டினார்கள். கல் இருக்கிறது. அது எந்தத் தூணில், எந்த உயரத்தில் இருந்தது என்று கைகாட்ட ஆளில்லை.

அதனால் தம்பியிடம் சொல்லுங்கள்: இலை விழுந்த இடத்தைப் படம் எடுத்து, அந்த ஊர் மாநகரசபையில் பழைய கட்டடங்களைக் கவனிக்கிற அதிகாரியிடம் படத்தோடு துண்டையும் கொடுக்கட்டும். கொடுக்குமுன் இலையைச் சாய்ந்த வெயிலில் வைத்து அதையும் ஒரு படம் எடுக்கட்டும். நிழலில் உளித்தடம் தெரியும், பின்பக்கத்தில் இன்னும் நன்றாக. உங்கள் மகன் ஊருக்கு வரும்போது அந்தப் படத்தோடு வந்தால் போதும், தேத்தண்ணி என் செலவு.