டிராஃப்ட்டில் கிடக்கும் ராஜினாமா

ஐயா,

வயது 43. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜர். சேர்ந்து 17 வருடம் 4 மாதம் ஆகிறது. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 48,000, மற்ற அலவன்ஸ்கள் தனி. வீட்டுக்கடன் தவணை 31,000, வீட்டுச் செலவு 45,000, டெபாசிட்டில் 6 லட்சம். மனைவி வேலைக்குப் போகவில்லை. பிள்ளைகள் இருவரும் பள்ளியில். வேலை வெறுத்துப்போய் நாலைந்து வருடம் ஆயிற்று. சிறிய ஒர்க்‌ஷாப்களுக்கு ஸ்டாக், பர்ச்சேஸ் ஒழுங்கு செய்து தரும் தொழிலைத் தனியாகச் செய்ய ஆசை. சப்ளையர்கள் எல்லாம் "வெளிய வாங்க சார், பாத்துக்கலாம்" என்கிறார்கள். ராஜினாமா கடிதம் மெயில் டிராஃப்ட்டிலேயே கிடக்கிறது. தவணையை நினைத்தால் பயம், மாமனார் வீட்டை நினைத்தால் அதைவிடப் பயம். எனக்குச் சுகரும் உண்டு.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கடைசியில் போகிற போக்கில் சுகரைச் சொல்லியிருக்கிறீர்கள். பயப்பட வேண்டியது அதற்குத்தான். கம்பெனியின் குரூப் மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். அதன்பின் புதிதாகப் பாலிசி எடுத்தால், விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் எதுவும் கிடைக்காது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். எனவே வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனிப் பாலிசி எடுங்கள். காத்திருப்புக் காலம் இப்போதே ஓடத் தொடங்கும். குரூப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறும் வழியும் உண்டு. ஏற்கெனவே காத்திருந்த காலம் கணக்கில் வரும். எச்.ஆரிடம் கேளுங்கள். பிரீமியம் குறையும் என்று சுகரை மட்டும் மறைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது க்ளெய்மை மறுத்துவிடுவார்கள்.

அடுத்து தவணை. 31,000, 45,000 இரண்டும் சேர்ந்து மாதம் 76,000 என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், கார் இன்ஷூரன்ஸ், தீபாவளி, மொய், சீர் எதுவும் மாதச் செலவில் வராது. வருடத்துக்கு இவை 1,80,000 என்று வைத்தால்கூட மாதம் 15,000 கூடும். ஆக 91,000, வருடத்துக்கு 10,92,000. சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் சோதித்துப் பாருங்கள். சம்பளம் வந்த அன்றே 91,000 மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அதை எடுக்க நேர்ந்தால் எதற்காக எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள்.

கையில் 6 லட்சம் இருக்கிறது. விலகும்போது கம்பெனி தரவேண்டிய பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி: பேசிக், டி.ஏ. 48,000ஐ 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்தால் ஒரு வருடத்துக்கு 27,692. ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சம் முழு வருடமாகக் கணக்காகும். உங்களுக்கு 90 நாள் நோட்டீஸ் என்றால் இன்று கொடுத்தாலும் வெளியே வரும்போது 17 வருடம் 7 மாதம், அதாவது 18. சுமார் 4,98,000 வரும். "ஒரு மாதத்திலேயே ரிலீவ் பண்ணுங்க" என்று நீங்களே கேட்டு வாங்கினால் 17தான். அந்த 27,692 போச்சு. சட்டப்படி 30 நாளில் தர வேண்டும், ஆனால் இழுப்பார்கள். முதல் மூன்று மாதச் செலவில் இதைச் சேர்க்காதீர்கள்.

இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய ஒரு வருடச் செலவு. சம்பளம் நின்றபின் வங்கி இரண்டு, மூன்று வருட வருமானவரிக் கணக்கு கேட்கும் என்பதால், தவணைக் காலத்தை நீட்டுவதையோ ஓவர்டிராஃப்ட் வாங்குவதையோ இப்போதே முடித்துக்கொள்ளுங்கள். பி.எஃபைத் தொடாதீர்கள். விலகிய பிறகும் வட்டி சேரும், அந்த வட்டிக்கு வரி உண்டு, அவ்வளவுதான். 10 வருடம் தாண்டிவிட்டதால் 58 வயதில் ஓய்வூதிய உரிமையும் இருக்கிறது.

எனக்கு உறுத்துவது சப்ளையர் பேச்சு. அந்த மரியாதை பர்ச்சேஸ் ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறவருக்கு. நாளை அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கிடைக்கும். அவர்களை நம்பி இறங்காதீர்கள். வேலையில் இருந்துகொண்டே அவர்களிடம் தொழில் பேசினால் ஒழுங்கு நடவடிக்கைக்கும் இடமாகிவிடும். கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ உங்கள் கம்பெனியோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத ஜாப் ஒர்க் யூனிட்டுகள் நான்கைந்தைப் பாருங்கள். அதற்கு முன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். வெளிவேலைக்குத் தடை இருந்தால் விலகும்வரை காசு வாங்காமல் பேச்சோடு நிறுத்துங்கள். "நல்ல ஐடியா சார்" என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் தருவீர்கள் என்று கேளுங்கள். சொன்ன தேதியிலும் பணம் வராது, 60 நாள், 90 நாள் தள்ளும். இரண்டு பேராவது தொகையைச் சொல்லாதவரை டிராஃப்ட் டிராஃப்ட்டாகவே இருக்கட்டும்.

மாமனார் வீட்டுப் பயத்துக்கு என்னிடம் கணக்கு இல்லை. அது போன பிறகு விலகலாம் என்று காத்திருந்தால் 58 ஆகிவிடும். மனைவியிடம் மட்டும் இந்த 91,000ஐத் தாளில் எழுதிக் காட்டுங்கள். அவர் நீங்கள் விட்டுப்போன இரண்டு செலவையாவது சொல்வார்.

விலகும்போது ரிலீவிங் லெட்டர், சர்வீஸ் சர்டிபிகேட் இரண்டையும் கையோடு வாங்குங்கள். பி.எஃப் கணக்கில் விலகிய தேதியைக் கம்பெனி ஏற்றவேண்டும். கடைசிச் சந்தாவுக்குப்பின் இரண்டு மாதமாகியும் ஏற்றாவிட்டால் போர்ட்டலில் நீங்களே ஏற்றலாம்.